அக்காவுக்கு விற்காத வண்டி

விற்காத கார் கெட்டுப்போகாது என்று நினைப்பவர்கள் கார் விற்றுப் பார்க்காதவர்கள். தக்காளி சீக்கிரம் அழுகும், கார் மெதுவாக அழுகும், அவ்வளவுதான். பாட்டரி இறங்கும். ஒரே இடத்தில் நின்ற டயர் அடிப்பக்கம் தட்டையாகும். எலி உள்ளே புகுந்து வயரைக் கடிக்கும். பெருவெள்ளம் வந்துபோனதற்கு அடுத்த வருடம், கொல்லங்கோட்டில் ஓடாமல் கிடந்த ஓர் அரிசி ஆலையின் களத்தை வாடகைக்கு எடுத்து, என் ஷோரூமில் அடங்காத வண்டிகளை அதில் நிறுத்தியிருந்தேன். தினமும் காலையில் நானே போய் ஒவ்வொன்றாக ஸ்டார்ட் செய்து, கொஞ்சம் முன்னே கொஞ்சம் பின்னே உருட்டி, அணைத்துவிட்டு வருவேன். அதற்கு வேலைக்காரர்கள் இருந்தார்கள். ஆனாலும் முதலாளி கைபடாத சரக்கு விலைபோகாது என்பது என் எண்ணம்.

நெல் காய்ந்த களத்தில் இப்போது கார் காய்கிறது என்று ரோட்டில் போகிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும். அங்கே நின்றதெல்லாம் என் பெயருக்கு வந்த வண்டிகள். எனக்கு முன்னால் அந்த ஊரில் எவனுக்கும் அந்த யோகம் இருந்ததில்லை.

என்னைப் பற்றி நானே சொல்லிக்கொள்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது. நான் சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப்போகிறார்கள்? மலைமேல் சித்திரபுரத்துப் பக்கம் தேயிலை எஸ்டேட் லயத்தில் பிறந்தவன் நான். லயம் என்றால் வரிசையாக ஒட்டிக் கட்டிய கூலி வீடுகள். ஒரு வீட்டில் இருமினால் அடுத்த வீட்டில் புரண்டு படுப்பார்கள். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. தேயிலைப் பெட்டி ஏற்றும் லாரியில் கிளீனர், பிறகு ஜீப் டிரைவர், பிறகு சொந்த டாக்ஸி, பிறகு மலை இறங்கிக் கொல்லங்கோட்டில் பழைய கார் வாங்கி விற்கும் தொழில். பக்கத்தில் கொங்குத் தமிழ் பேசும் எல்லையோர ஊரான வடகரப்பதியில் பெண் எடுத்தேன். கடைசியில் கார் கம்பெனியே என்னைத் தேடி வந்து ஏஜென்சி கொடுத்தது. கண்ணாடிச் சுவர் வைத்து, ஏசி போட்டு, வாசலில் வாழைமரம் கட்டித் திறந்தேன். திறப்பு விழாவுக்கு வந்த கம்பெனி அதிகாரி என்னை ‘சார்’ என்று கூப்பிட்டார். எஸ்டேட்டில் என் அப்பாவைப் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை. கூலிப் பதிவில் இருந்த நம்பரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள்.

எனக்கு மூத்தவள் ஒரே அக்கா. அவள் மலையை விட்டு இறங்கவே இல்லை. கொழுந்தெடுத்தே வயதானவள். மச்சான் மழைக்காலம் ஒன்றில் காய்ச்சல் கண்டு போய்விட்டார். அதற்குப் பிறகும் ஆடிக்கும் பொங்கலுக்கும் அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீர் என் கையிலிருந்து தவறாமல் போனது. சேலை, வெல்லம், பழம், அரிசி எல்லாம் நானே பார்த்து வாங்குவேன். அப்பா அம்மா இல்லாத பிறகு அவளுக்குப் பிறந்த வீடு என்றால் நான்தானே? கொடுப்பது உடன்பிறந்தவன், வாங்குவது உடன்பிறந்தவள். எங்கள் ஜனத்தில் தண்ணீர் அந்தப் பக்கம்தான் ஓடும். திரும்பி ஓடினால் அந்தக் குடும்பம் கவிழ்ந்துவிட்டது என்று அர்த்தம். நான் கவிழ்கிற ஆள் இல்லை.

அந்த வருடம் கார் விற்பனை படுத்துவிட்டது. என் கம்பெனி என்று இல்லை, எல்லாக் கம்பெனிக்கும் அதே கதி. பேப்பர்க்காரர்கள் ஏதேதோ காரணம் எழுதினார்கள். எனக்குத் தெரிந்த காரணம் வடகரப்பதியிலேயே இருந்தது. அங்கே பல வீடுகளில் அப்பன் தென்னந்தோப்பைப் பார்ப்பான், மகன் எல்லை தாண்டிக் கோயமுத்தூரில் கார் பாகங்கள் செய்யும் பட்டறையிலோ பேக்டரியிலோ வேலை பார்ப்பான். எனக்கு வாய்த்த வாடிக்கைக்காரர்கள் அவர்கள்தான். கார் விற்காததால் பாகங்களுக்கு ஆர்டர் இல்லை. ஆர்டர் இல்லாததால் ஷிப்ட் இல்லை. ஷிப்ட் இல்லாத வீட்டில் யார் கார் வாங்குவார்கள்? கிணற்றில் விழுந்தவன் கயிற்றையும் உள்ளே இழுத்துக்கொண்ட மாதிரி ஆயிற்று. மலைப் பக்கத்திலோ, வெள்ளத்துக்குப் பயந்து டூரிஸ்ட் வருவது நின்றுபோயிருந்தது. டாக்ஸிக்காரர்கள் ஸ்டாண்டில் சீட்டாடினார்கள்.

கம்பெனியும் தன்னால் ஆனதையெல்லாம் செய்து பார்த்தது. தள்ளுபடி அறிவித்தது. பழைய வண்டியைக் கொண்டுவந்தால் அதற்குத் தனியாக போனஸ் என்றது. சுரண்டிப் பார்க்கும் சீட்டு வந்தது, தங்கக்காசு வந்தது, சில மாதம் தவணையே கட்ட வேண்டாம் என்றது. ஷோரூம் வாசலில் செண்டை மேளம் வைக்கச் சொன்னது. வைத்தேன். மேளம் கேட்கக் கூட்டம் வந்தது, மேளம் முடிந்ததும் கூட்டமும் போனது.

இதில் பெரிய கூத்து, இத்தனை சலுகையையும் வடக்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் ‘மழைக்கால ஆஃபர்’ என்று பேர் வைத்துச் சரியாகக் கர்க்கடக மாதத்தில் விட்டதுதான். நம்முடைய ஆடிதான் மலையாளிக்குக் கர்க்கடகம். அந்த மாதத்தில் அவர்கள் ஆணிகூட வாங்கமாட்டார்கள். ஆவணி, அவர்கள் கணக்கில் சிங்கம், பிறக்கட்டும், ஓணத்துக்கு விலை கூடினாலும் பரவாயில்லை என்று போய்விடுவார்கள். நம் ஆட்களும் ஆடியில் வண்டி எடுக்கத் தயங்குவார்கள்தான். ஆனால் நமக்கு ஆடிப்பெருக்கு என்று ஒரு நாள் இருக்கிறது. அன்றைக்குத் தொட்டது பெருகும். அந்த ஒரு நாளை வைத்துத்தான் நான் கொடி நாட்டியவன். வருடா வருடம் ஆடிப்பெருக்கன்று வடகரப்பதியில் அம்மன் கோயில் முன்னால் புது வண்டிகளை வரிசையாக நிறுத்தி, டயருக்கு எலுமிச்சம்பழம் வைத்து, சாவி கொடுப்பேன். பாலக்காட்டுப் பெரிய டீலர்கள் ஈ ஓட்டும் மாதத்தில் நான் சாவி கொடுப்பேன். கம்பெனி மீட்டிங்கில் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டியிருக்கிறார்கள்.

அந்த வருடமும் அதைத்தான் நம்பினேன். கம்பெனியின் ஏரியா மேனேஜர், கொச்சிப் பக்கத்துப் பையன், களத்துக்கே வந்து வண்டிகளைப் பார்த்தான். டையைத் தளர்த்திவிட்டுக்கொண்டு பேசினான். மலையாளமும் தமிழும் கலந்த பேச்சு.

“அண்ணா, மறைக்காம நேரே சொல்லாம். ஆஃபர் தீரும் முன்னே இந்தக் களத்துல நிக்கிறதுல பாதியாவது போகணும். இல்லேன்னா உங்க ஏஜென்சியப் பாலக்காட்டு டீலர்கூட சேர்த்துடுவாங்க.”

“ஆடிப்பெருக்கு வரைக்கும் பொறுங்க தம்பி. என் கடை அன்னைக்குத்தான் தொறக்கும்.”

“அதுவரைக்கும் நீட்டி வாங்கித் தரேன். பட்சே கஸ்டமர் எவிடே அண்ணா? மேலேருந்து சொல்றாங்க, எல்லா டீலரும் முதல்ல சொந்தக்காரங்ககிட்ட விக்கணும்னு.”

“சொந்தக்காரனா? எனக்கு மலையில ஒரு ஊரே சொந்தம் தம்பி.”

பையன் சிரித்தான். மனசில்லாத சிரிப்பு. அவன் வேலையும் இந்த மாதக் கணக்கில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்று என் கடையில் விற்பனை வேலை பார்த்த பெண் பிறகு சொன்னாள். அவள் கொல்லங்கோட்டுக்காரி, கல்யாணமாகி ஒரு குழந்தை உள்ளவள், என்னிடம் சேர்ந்துதான் பேசக் கற்றுக்கொண்டாள் என்று நான் எல்லோரிடமும் சொல்வேன். ஏஜென்சி போனால் அவளுக்கும் வேலை போகும். கடையில் இருந்த எல்லோருக்குமே அப்படித்தான்.

சொன்ன வாய்க்குச் செய்து காட்ட வேண்டுமல்லவா? களத்தில் நின்றதிலேயே பெரிய வண்டியை எடுத்தேன். ஏழு பேர் உட்காரும் வண்டி, காப்பிப் பொடி நிறம். அந்த நிறத்தை யார் தேர்ந்தெடுத்தார்களோ, ஒருவரும் வேண்டும் என்று சொல்லவில்லை. விற்பனைப் பெண்ணையும் ஏற்றிக்கொண்டு, பொள்ளாச்சி, உடுமலை, மறையூர் வழியாக மலை ஏறி, சித்திரபுரம் சந்திப்பில் வண்டியை நிறுத்தி, மேலே பேனர் கட்டினேன்.

மழை சிணுங்கிக்கொண்டிருந்தது. ஆட்கள் வந்தார்கள். கதவைத் திறந்து உட்கார்ந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், நான் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்தார்கள். ஜீப் ஓட்டுகிற ஒருவன் சீட்டை அமுக்கிப் பார்த்துவிட்டு, “அண்ணாச்சி, மெத்தை நல்லாருக்கு. ஒரு மாசம் இதுலயே படுத்துக்கிடவா? எப்படியும் சவாரி இல்ல” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வியாபாரத்தில் சிரிப்புக்குக் காசு கிடையாது.

அப்போதுதான் அக்கா வந்தாள். தலையில் பிளாஸ்டிக் தாளைப் போர்த்திக்கொண்டு, கையில் குடையை மடக்கியபடியே வந்தாள். குடை விரித்தால் நனைந்துவிடும் என்று நினைப்பவள் அவள்.

“ஏலே, கடைய இங்கன தூக்கிட்டு வந்துட்டியா? கீழ ஒருத்தனும் வாங்கலியோ?”

“அதெல்லாம் இல்லீங்க்கா. கேட்டாங்கன்னு கொண்டாந்தனுங்க.”

“கூடப்பொறந்தவகிட்டயும் ஏனுங்க போனுங்கவா? வடகரப்பதியில பொண்ணு கட்டுனா நாக்கையும் சேத்து கட்டிருவாகளோ?”

சந்திப்பே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. நனைந்த தாளோடு வண்டிக்குள் ஏறி நடுச் சீட்டில் உட்கார்ந்தாள். கையால் கூரையைத் தட்டிப் பார்த்தாள். பின் சீட்டைத் திரும்பிப் பார்த்து, “இதுல எத்தன டூரிஸ்ட் போவலாம்?” என்று கேட்டாள்.

அவள் அப்போதுதான் எஸ்டேட் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். சர்வீஸ் பணம் வந்திருந்தது. அந்தப் பணம் கைக்கு வந்தால் லயத்து வீட்டை விட்டுவிட வேண்டும், அதுதான் எஸ்டேட் வழக்கம். வேலை இருக்கும்வரைதான் வீடு. வீட்டில் இன்னொருவர் எஸ்டேட் வேலையில் இருந்தால் தப்பிக்கலாம். அக்கா மகன் எஸ்டேட்டுக்குப் போகவில்லை, அடுத்தவர் ஜீப்பை ஓட்டிக்கொண்டிருந்தான். அதனால் பள்ளிவாசல் ரோட்டில் ஒரு துண்டு இடம் பார்த்து, விலையும் பேசி வைத்திருந்தாள். அந்த இடத்தை நானும் போய்ப் பார்த்துச் சரி சொல்லியிருந்தேன். வாழ்நாளெல்லாம் முதுகில் கொழுந்துக் கூடை சுமந்ததற்குக் கிடைத்தது அந்தத் துண்டு நிலம்தான்.

“வண்டிய எதுக்குப் பாக்குற? இடத்தை எப்ப ரிஜிஸ்டர் பண்ற?” என்றேன்.

“பண்ணலாம். கடை எப்படி போவுது?”

“எனக்கென்ன குறை? ஆடிப்பெருக்குக்கு வந்து பாரு, வண்டி வரிசை தெரு முக்கு வரைக்கும் நிக்கும்.”

அவள் என்னைப் பார்த்தாள். நான் பேனர் கயிற்றைச் சரிசெய்யப் போனேன். நான் அந்தப் பக்கம் ஜீப்காரர்களோடு பேசிக்கொண்டிருந்தபோது அவள் விற்பனைப் பெண்ணைப் பிடித்துக்கொண்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது. அக்கா கேட்டால் கல்லும் சொல்லும். அந்தப் பெண் அழுதுகொண்டே, ஏஜென்சி போகப்போவது உட்பட எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள்.

ஒரு வண்டிக்கும் ஆர்டர் இல்லாமல் மலை இறங்கினோம்.

ஆடிப்பெருக்கு வந்தது. வடகரப்பதி அம்மன் கோயில் முன்னால் அன்று சாவி கொடுத்தது கொஞ்சம் பேருக்குத்தான். வேறு டீலருக்கு அதுவும் இருந்திருக்காது, அதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் எனக்கு அது போதாது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை தவறாமல் வண்டி மாற்றும் தோப்புக்காரர் ஒருவர், முன்பணம் கொடுத்து வைத்தவர், கோயிலுக்கு வெறுங்கையோடு வந்தார். என்னை ஓரமாகக் கூப்பிட்டார்.

“ஏனுங்க, தப்பா நெனச்சுக்காதீங்க. பையனுக்குக் கம்பெனியில வாரத்துக்கு ரெண்டு நாளுதான் வேலைங்களாமா. அக்கம்பக்கத்துப் பசங்களுக்கு அதுவுமில்லீங்க. இப்பப் போயி ஊட்டு முன்னால புதுக் காரு நிறுத்துனா ஊரு காறித் துப்பிருமுங்க.”

“பரவால்லீங்க. முன்பணத்தை நாளைக்கே அனுப்பிடறனுங்க.”

“உங்களுக்கு ஏதாச்சும் சங்கடமாயிருமுங்களா?”

“எனக்கா? நல்லாக் கேட்டீங்க போங்க.”

அங்கிருந்து ஷோரூமுக்கு வந்தேன். ஏரியா மேனேஜர் பையன் காலையிலிருந்தே வந்து உட்கார்ந்திருந்தான். கண்ணாடிக்கு உள்ளே அந்தக் காப்பி நிற வண்டி துடைத்து நிறுத்தியிருந்தது. நான் உட்காரக்கூட இல்லை, அவன் எழுந்து வந்து காதோடு சொன்னான்.

“அண்ணா, மேலே விளிச்சுப் பேசிட்டேன். இந்த ஏழு சீட்டு வண்டிதான் எங்கயும் போகாம கம்பெனிக்குத் தலவேதனை. இன்னிக்கு இத ஒண்ணு வித்தா, உங்க கதை வேற. ஓணம் வரைக்கும் ஏஜென்சியத் தொட வேண்டாம்னு எழுதி வாங்கிடறேன். ஓணத்துல பிடிச்சுக்கலாம்.”

ஓணம்வரை கிடைத்தால் நான் மேலே ஏறிவிடுவேன் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அன்றைக்கு யார் வந்து அந்த வண்டியை வாங்கப்போகிறார்கள்?

உச்சிப் பொழுதுக்கு ஆட்டோ ஒன்று வாசலில் வந்து நின்றது. அக்கா இறங்கினாள். பின்னால் அவள் மகன். முந்தின நாளே மலை இறங்கி உடுமலையில் சொந்தக்காரர் வீட்டில் தங்கி, விடியலில் கிளம்பி வந்திருக்கிறார்கள். மகன் கையில் பெரிய மாலை. அக்கா கையில் மஞ்சள் பை. நான் அனுப்பிய ஆடிச் சீர்ச் சேலையைக் கட்டியிருந்தாள்.

விற்பனைப் பெண்ணுக்கு முன்னாலேயே தெரிந்திருக்க வேண்டும். ஓடிப்போய்க் கண்ணாடிக் கதவைத் திறந்தாள். மெக்கானிக்குகள் பின்னாலிருந்து வந்து நின்றார்கள். யாரோ அந்த வண்டி முகப்பில் சிவப்பு ரிப்பனைக் கட்டினார்கள்.

அக்கா நேரே வண்டியிடம் போனாள். பையிலிருந்து தேங்காயும் எலுமிச்சம்பழமும் எடுத்து அதன் முன்னால் வைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

“இதத்தான் எடுக்கப்போறோம். பயலுக்குச் சொந்தமா ஒண்ணு இருக்கட்டும். பில்லப் போடு.”

எனக்கு அந்தப் பணம் எது என்று தெரியும். அது இந்த வண்டிக்குப் போனால் இடம் இல்லை, இடம் இல்லாவிட்டால் வீடு இல்லை. மலையில் ஒரு டூரிஸ்ட்கூட இல்லாத நேரத்தில் அந்த வண்டி நின்று துருப்பிடிக்கும் என்பதும் தெரியும். அதைவிட இன்னொன்றும் தெரியும். அவள் வண்டி வாங்க வரவில்லை. தம்பி கடை கவிழாமல் இருக்க, பிறந்த வீட்டைத் தாங்கிப் பிடிக்க வந்திருக்கிறாள். பில் போட்டாலும் ரசீது கொடுத்தாலும் அது கூடப்பிறந்தவள் காசு. தண்ணீர் திரும்பி ஓடுகிற காசு.

“அது புக்காயிருச்சு” என்றேன்.

“யாருக்கு?”

“ஒருத்தருக்கு.”

“ஒருத்தருக்குப் பேர் இல்லியா?”

மேனேஜர் பையன் என்னையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். “அண்ணா, புக்கிங் ஒண்ணும் இல்லல்லோ…” என்று ஆரம்பித்தவனை நான் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

“ஏலே, நா சும்மாவா தாரேன்? வண்டிக்குத்தான தாரேன்?” என்றாள் அக்கா. குரல் இன்னும் இறக்கமாகத்தான் இருந்தது.

“உனக்கு எதுக்கு வண்டி? போயி இடத்தை ரிஜிஸ்டர் பண்ணு.”

“அத நா பாத்துக்கிடுதேன். நீ கடைக்காரன், நா காசு கொண்டாந்தவ. குடு.”

“உன் காசு இந்தக் கடைக்கு வேண்டாம்.”

சொன்ன வார்த்தை அதுதான். ஒரு சொல் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. கடை முழுக்கக் கேட்கும்படிதான் சொன்னேன். தாழ்த்திப் பேசி எனக்குப் பழக்கம் இல்லை.

அக்கா மஞ்சள் பையைத் தூக்கி மோந்து பார்த்தாள்.

“கொழுந்து வாடை அடிக்கோ? எங் காசுல?”

“அக்கா, நான் அப்படிச் சொல்லல…”

“மாமா, அம்மா ராத்திரியெல்லாம் தூங்கல மாமா” என்றான் மருமகன். “உங்களுக்காகத்தான்…”

“நீ சும்மா இருலே” என்று அவனை அடக்கினாள். “மாமனுக்கு நம்ம காசு வேண்டாமாம். பெரிய ஆளு. பெரிய ஆளுக காசுதான் செல்லும்.”

“சாப்பிட்டுட்டுப் போங்க. வீட்டுல சொல்லியிருக்கேன்” என்றேன். சொல்லவில்லை. வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

“வாங்காத கடையில கை நனைக்க மாட்டேன்.”

தேங்காயை எடுக்கவில்லை. “கொண்டாந்தத திருப்பிக் கொண்டுபோவக் கூடாது, எங்கயாச்சும் சாமிக்கு ஒடச்சிரு தாயி” என்று விற்பனைப் பெண்ணிடம் சொன்னாள். வந்த ஆட்டோ இன்னும் போகவில்லை. ஏறிப் போய்விட்டார்கள். மாலை மருமகன் கையிலேயே இருந்தது.

நான் என் அறைக்குள் போய் உட்கார்ந்தேன். மேனேஜர் பையன் வந்து கதவருகில் நின்றான். திட்டுவான் என்று நினைத்தேன். “எனக்கும் உங்கள மாதிரி ஒரு சேச்சி உண்டு அண்ணா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். சிங்கம் பிறந்து ஓணம் வருவதற்குள் அவனையும் வேலையிலிருந்து எடுத்துவிட்டார்கள். இன்ஷூரன்ஸ் விற்கிறான் என்று கேள்வி.

ஏஜென்சி போயிற்று. பேர்ப் பலகையைக் கம்பெனிக்காரர்களே வந்து கழற்றினார்கள். களத்தில் நின்ற வண்டிகளைப் பாலக்காட்டு டீலர் ஆள் வைத்து ஓட்டிக்கொண்டு போனான். காப்பி நிற வண்டியும் போனது. எல்லாம் முதல் சாவிக்கே ஸ்டார்ட் ஆயின. ஒரு பாட்டரியும் இறங்கியிருக்கவில்லை. அந்த ஓட்டுநர்கள் அதைக் கவனித்தார்களோ என்னவோ, ஒருவனும் சொல்லவில்லை. விற்பனைப் பெண் பொள்ளாச்சியில் ஜவுளிக் கடை ஒன்றில் சேர்ந்தாள். வழியில் பார்த்தால் இப்போதும் நின்று பேசுவாள். அந்த நாளைப் பற்றி மட்டும் இருவரும் பேசமாட்டோம்.

நான் படுத்துக்கொள்ளவில்லை. பழைய கார் வாங்கி விற்கும் தொழிலுக்கே திரும்பினேன், தகரக் கூரை போட்டு. எங்கே தொடங்கினேனோ அங்கிருந்து மறுபடி ஏறத் தெரிந்தவன் நான். கடை போனதை நான் தாங்கிக்கொண்டேன்.

ஓணம் கழிந்து ஒரு நாள் மருமகன் போன் செய்தான். தயங்கித் தயங்கிப் பேசினான்.

“மாமா, வண்டி எடுத்துட்டோம் மாமா.”

“எங்க?”

“பாலக்காட்டுல. அந்த வண்டியேதான் மாமா, காப்பிக் கலரு. அம்மா வேற எதையும் பாக்கவே இல்ல. அதுதான் வேணும்னு நின்னுட்டாங்க.”

“ஆயில் மாத்தச் சொல்லு, ரொம்ப நாள் நின்ன வண்டி” என்றேன்.

அந்தப் பொங்கலுக்கு நான் அனுப்பிய சீர் திரும்பி வந்தது. கட்டின முடிச்சுக்கூட அவிழ்க்கவில்லை. என் வீட்டுக்காரி அதைப் பார்த்து அழுதாள். நான் அடுத்த ஆடிக்கும் அனுப்பினேன். அதுவும் வந்தது.

பிறகு நோய்க் காலம் வந்து ஊரெல்லாம் அடைத்தார்களே, அதற்கு நான் தனியாக என்ன சொல்ல? மலையில் ஒரு வண்டியும் ஓடவில்லை. சர்வீஸ் பணம் முன்பணமாகப் போயிருந்தது, மீதிக்குத் தவணை. தார்ப்பாயைப் போர்த்தி லயத்து ஓரம் நிறுத்தியிருந்தார்களாம். தவணை நின்று, கடைசியில் பைனான்ஸ்காரன் வந்து எடுத்துக்கொண்டு போனான். பள்ளிவாசல் ரோட்டு இடம் வேறு யாருக்கோ ரிஜிஸ்டர் ஆகி, அதில் இப்போது டூரிஸ்ட் தங்கும் விடுதி கட்டியிருக்கிறார்கள். எஸ்டேட்டில் கெஞ்சி வாங்கிய கெடுவும் முடிந்து லயத்து வீட்டை விட்ட அன்று சாமான் ஏற்ற லாரி கொண்டு வருகிறேன் என்று சொல்லி அனுப்பினேன். வேண்டாம் என்று பதில் வந்தது. அடுத்தவர் ஜீப்பில் இரண்டு நடை ஏற்றிக்கொண்டு போனார்களாம்.

இந்த வருடம் மழைக்கு முன்னால் நானே போனேன். யாரிடமும் சொல்லவில்லை. சித்திரபுரத்திலிருந்து கீழே இறங்கும் பாதையில் ஒரு வீட்டின் பின்பக்கம், ஒற்றை அறை, முன்னால் சின்ன முற்றம். அக்கா சாக்கை விரித்து உட்கார்ந்து பீன்ஸ் நார் கிள்ளிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. விரட்டவும் இல்லை.

“வா. அந்த முக்காலியில இரு, சாக்கு ஈரம்.”

மருமகன் வேலைக்குப் போயிருந்தான். பழையபடி அடுத்தவர் ஜீப். டூரிஸ்ட் இப்போது திரும்பி வருகிறார்கள், வண்டி கைவசம் இருந்திருந்தால் ஓடியிருக்கும். பாலில்லாத கட்டன் சாயா போட்டுக் கொடுத்தாள். குடித்தேன்.

“நான் அன்னைக்குச் சொன்னது உன் நல்லதுக்குத்தான்” என்றேன். “அந்த வண்டி ஓடாதுன்னு எனக்குத் தெரியும். ஓடலை பாத்தியா?”

“ஓடல. நீ சொன்னதுதான் நடந்துது.”

“அப்புறம் ஏன் பாலக்காட்டுல போயி வாங்கினே?”

அவள் ஒரு பீன்ஸை எடுத்து, இரண்டு முனையையும் கிள்ளி, நாரை உருவினாள்.

“வீம்புதான். உனக்கு மட்டுந்தான் இருக்குமா? நாம ரெண்டு பேரும் ஒரே அப்பன் பிள்ளைதான?” உருவிய நாரைச் சாக்கோரம் போட்டாள். “அன்னைக்கு நீ வாங்கியிருந்தாலும் இந்தக் காசு போயிருக்கும்லே. போவட்டும். தம்பி கடைக்குப் போச்சுன்னு இருந்திருப்பேன். இப்ப யாருக்குப் போச்சுன்னு சொல்லு.”

நான் செய்தது சரி. இன்றைக்கும் எவன் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். காலி டம்ளரைக் கீழே வைத்தேன். எதிரே மலைச்சரிவில் மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது.

“என் வீட்டு மாடி காலியாத்தான் கெடக்கு” என்றேன். “ரெண்டு ரூம், தனிக் குளியலறை, எல்லாம் டைல்ஸ் போட்டது. கொல்லங்கோட்டுல அப்படி ஒரு மாடி யாருகிட்டயும் கிடையாது. வந்துரு. பயலும் அங்கேயே வண்டி ஓட்டட்டும்.”

அவள் முதல்முறையாக என் முகத்தைப் பார்த்தாள்.

“வாடகை தந்தா வாங்கிக்கிடுவியா?”

“உன்கிட்ட வாடகையா? என்ன பேச்சு இது?”

“ஒத்த ரூவான்னாலும் சரி. மாசம் பொறந்தா உன் கையில தருவேன். வாங்குவியா, சொல்லு.”

வாங்குவேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் அதற்காகவே காத்திருந்தாள் என்பது எனக்குத் தெரிந்தது. லாரி லாரியாகச் சரக்கு ஏற்றியிருக்கிறேன், ஆயிரம் பேரைப் பேசி வாங்க வைத்திருக்கிறேன், அந்த ஒரு வார்த்தை வாயில் ஏறவில்லை.

“கூடப்பொறந்தவகிட்ட எப்படி வாங்குறது?” என்றேன்.

“அப்ப வரல” என்றாள். கோபம் எதுவும் இல்லாமல்தான் சொன்னாள். “மறையூர் வழியில ஆனை நிக்குதுங்காக. இருட்டுமுன்ன எறங்கிரு.”

தூறல் விழுந்தது. கொடியில் கிடந்த துணிகளை எடுக்க அவள் எழுந்தாள், முழங்காலைப் பிடித்துக்கொண்டு. நானும் எழுந்து கைக்கு எட்டிய இரண்டு மூன்றை உருவினேன். என் கையிலிருந்து அதை வாங்கி, தன் தோளில் போட்டுக்கொண்டு, உள்ளே போனாள்.